கீழறையில் ஆறு பேர்

கணக்கு டீச்சர் அந்தக் கோடை முகாமுக்கு ஒத்துக்கொண்டதற்கு முதல் காரணம், ஒரு குழுவுக்கு ஆறே பிள்ளைகள் என்று சொன்னதுதான். வருஷம் முழுக்க நாற்பத்தைந்து தலைகளுக்கு முன்னால் நின்று தொண்டை கிழியக் கத்தியவளுக்கு, ஆறு பேர் என்றால் அதுவே ஒரு விடுமுறை. இரண்டாவது காரணம் அவளுடைய மகள். பதின்மூன்று வயது. கணக்கில் வர வரச் சறுக்கிக்கொண்டிருந்தாள். ஆசிரியரின் பிள்ளைக்கு முகாமில் ஓர் இடம் உண்டு என்று நிர்வாகி சொன்னதும், டீச்சர் மகளை ஒரு வார்த்தை கேட்காமல் சரி என்றுவிட்டாள்.

"லீவுலயும் உன் க்ளாஸா?" என்றாள் மகள்.

"மூணு வாரம்தான்."

"அங்க உன்ன என்னன்னு கூப்பிடறது?"

"எல்லாரும் மிஸ்னுதானே கூப்பிடுவாங்க. நீயும் அப்படியே கூப்பிடு."

அன்றிலிருந்து வீட்டிலேயே ஆரம்பித்துவிட்டாள். "மிஸ், பல்லு விளக்கியாச்சு மிஸ். குளிக்கப் போகலாமா மிஸ்?"

முகாம் நடந்தது ஒரு விடுதிப் பள்ளிக் கட்டடத்தில். கோடையில் அது காலியாகக் கிடக்கும். அதன் ஒரு பக்கத்தை நிர்வாகி மூன்று வாரத்துக்குக் கேட்டு வாங்கியிருந்தாள். மாடியில் படுக்கை அறைகளும் அலுவலகமும். தரைத்தளத்தில் சாப்பாட்டுக் கூடமும் இரண்டு வகுப்பறைகளும். அந்த இரண்டையும் அறிவியல் குழுவும் எழுத்துக் குழுவும் பிடித்துக்கொண்டன. கணக்குக் குழுவுக்குக் கிடைத்தது கீழறை. பத்துப் படி இறங்கினால் நீளமான ஓர் அறை. உடைந்த நாற்காலிகளைப் போட்டுவைத்திருந்த இடத்தை ஒழித்துக் கொடுத்திருந்தார்கள். சுவரின் உச்சியில் இரண்டு சின்ன ஜன்னல்கள். அவை வழியாகப் பார்த்தால் வெளியே புல்லின் வேர்தான் தெரியும். பக்கத்து அறையில் சலவை இயந்திரங்களும், வெந்நீர் காய்ச்சுகிற கொதிகலனும்.

வெயில் மண்டையைப் பிளந்த நாட்கள் அவை. கீழறை மட்டும் குளுகுளுவென்று இருந்தது. இடைவேளையில் மற்ற குழுப் பிள்ளைகள் வந்து படியில் உட்கார்ந்து, "உங்களுக்கு மட்டும் ராஜ யோகம்" என்று பொருமிவிட்டுப் போனார்கள்.

ஆறு பேரும் இரண்டே நாளில் ஒருவருக்கொருவர் பட்டப்பெயர் வைத்துவிட்டார்கள். எதற்கெடுத்தாலும் "ஏன் மிஸ்?" என்று கேட்ட பையன் 'ஏன்' ஆனான். எந்தச் சொல்லுக்கும் பொருள் சொல்கிற பெண்ணுக்கு 'அகராதி' என்று பெயர். அவள் வாயும் கொஞ்சம் நீளம் என்பதால் அது இரண்டு விதத்திலும் பொருந்தியது. இரட்டைப் பிறவிகளான சகோதரர்கள் 'பெரியவன்', 'சின்னவன்'. எட்டு நிமிஷ வித்தியாசத்துக்குப் பெரியவன் பண்ணிய அதிகாரம் சொல்லி மாளாது. ஒவ்வொரு எழுத்தையும் செதுக்கிச் செதுக்கி எழுதிய பையன் 'நத்தை'. டீச்சரின் மகளுக்கு யாரும் பெயர் வைக்கவில்லை. மிஸ்ஸின் பெண் ஆயிற்றே என்ற தயக்கம். டீச்சரும் தன் பங்குக்கு அவளைக் கடைசி மேசையில், கதவுக்கு எட்டாத மூலையில் உட்கார வைத்தாள். தன் பெண்ணுக்கு மட்டும் தனிக் கவனிப்பு என்று ஒருத்தர் வாயிலும் வந்துவிடக் கூடாது என்று.

முதல் வாரம் அமோகமாகப் போனது. தினமும் காலையில் ஒரு சின்னப் பரீட்சை, மாலையில் ஒன்று. மதிப்பெண்களைச் சுவரில் ஒட்டிய பெரிய தாளில் வரைபடமாகக் குறித்தார்கள். ஆறு நிறக் கோடுகளும் ஏறின. மகளின் பச்சைக் கோடுதான் எல்லாவற்றையும்விடச் செங்குத்தாக ஏறியது. நிர்வாகி வந்து பார்த்துவிட்டு டீச்சரின் கையைப் பிடித்துக் குலுக்கினாள்.

"அடுத்த சனிக்கிழமை பெத்தவங்க எல்லாரும் வர்றாங்க. நான் வாயத் திறக்கவே வேண்டாம். இந்தத் தாளக் காட்டினாப் போதும்."

இரண்டாம் வாரம் திங்கட்கிழமை பெயிண்டர்கள் வந்தார்கள். பள்ளி திறப்பதற்குள் வெளிச்சுவர் முழுக்கப் புது வர்ணம் அடித்தாக வேண்டும் என்று பள்ளிக்காரர்கள் சொல்லிவிட்டார்களாம். சாரம் கட்டி, பழைய வர்ணத்தைச் சுரண்டினார்கள். தூசி பறக்காமலிருக்க மொட்டைமாடியிலிருந்து தரை வரைக்கும் கெட்டியான பிளாஸ்டிக் விரிப்பைத் தொங்கவிட்டு, அடியில் செங்கல் அடுக்கி இறுக்கினார்கள். கீழறையின் ஜன்னல்கள் இரண்டும் அதற்குள் போயின. பட்டப்பகலில் விளக்குப் போட வேண்டியதாயிற்று. சுரண்டுகிற சத்தம் பல்லைக் கூச வைத்ததால் ஜன்னலைச் சாத்தினார்கள். கதவையும் சாத்தினார்கள்.

அன்று மாலைப் பரீட்சையில் ஆறு கோடுகளும் இறங்கின. கேள்வித்தாள் கடினமாகிவிட்டது போல என்று டீச்சர் நினைத்துக்கொண்டாள். மறுநாள் சுலபமாகக் கொடுத்தாள். இன்னும் இறங்கின.

செவ்வாய்க்கிழமை பதினொரு மணிக்கு மகள் மேசையில் தலை வைத்துப் படுத்தாள்.

"எந்திரி."

"தலை வலிக்குது மிஸ்."

"கணக்குன்னா எல்லாருக்கும்தான் தலை வலிக்கும். ராத்திரி ரூம்ல கதை அடிச்சா பகல்ல தூக்கம் வரத்தான் செய்யும். தூங்கறதுக்கா இங்க வந்திருக்க?"

வகுப்பு சிரிக்கும் என்று எதிர்பார்த்துச் சொன்னது. யாரும் சிரிக்கவில்லை. நத்தை கன்னத்தில் கை வைத்து எங்கோ பார்த்துக்கொண்டிருந்தான். பெரியவன் கொட்டாவி விட, சின்னவன் விட, அகராதி விட்டாள். மகள் நிமிர்ந்து உட்கார்ந்து, சிவந்த கண்ணோடு அம்மாவைப் பார்த்தாள். அந்தப் பார்வை டீச்சருக்குத் திமிராகத்தான் தெரிந்தது.

புதன்கிழமை சின்னவன் வாந்தி எடுத்தான். முகாமில் ஒரு நர்ஸ் இருந்தாள். மாடிக்குக் கூட்டிப்போய்ப் படுக்க வைத்து, உப்பும் சர்க்கரையும் கலந்த தண்ணீர் கொடுத்தாள். ஒரு மணி நேரத்தில் பையன் பந்து விளையாடப் போய்விட்டான்.

"வெயில்தான் டீச்சர்" என்றாள் நர்ஸ். "வேற ஒண்ணும் இல்ல."

"நாங்கதான் வெயிலே படாம உக்காந்திருக்கோமே" என்றாள் டீச்சர். சொன்ன பிறகுதான் தான் சொன்னது அவளுக்கே உறைத்தது. ஆனால் அவளுக்கும் அன்று இரண்டு பொட்டிலும் சம்மட்டி அடித்துக்கொண்டிருந்தது. மூக்குக் கண்ணாடியை மாற்ற வேண்டும் என்று நினைத்தபடி அந்த எண்ணத்தை அப்படியே விட்டுவிட்டாள்.

வியாழக்கிழமை காலையில் அகராதி கையைத் தூக்கினாள்.

"மிஸ், இது... இதுக்குப் பேரு என்ன?" கையில் இருந்ததை ஆட்டிக் காட்டினாள். அளவுகோல். விளையாடுகிறாள் என்று டீச்சர் நினைத்தாள். அகராதியின் முகத்தில் விளையாட்டு இல்லை. வாய் சொல்லைத் தேடிக்கொண்டே இருந்தது. கண்ணில் நீர் முட்டியது. பக்கத்தில் இருந்த ஏன், "அளவுகோல்" என்று முணுமுணுத்தான். 'ஏன் மறந்துச்சு?' என்று அவன் கேட்கவில்லை. இரண்டு நாளாகவே அவன் எதையும் கேட்கவில்லை என்பது டீச்சருக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

மதியச் சாப்பாட்டுக்கு எல்லோரும் மேலே போனார்கள். டீச்சர் சாப்பிட்டுவிட்டுப் பின்பக்கத் தோட்டத்தில் கொஞ்சம் நடந்தாள். தலை லேசானது. கண் தெளிந்தது. பிள்ளைகள் வருமுன் பலகையைத் துடைத்துவைக்கலாம் என்று கீழறைக்கு இறங்கினாள். விளக்கைப் போட்டவள் வாசலிலேயே நின்றுவிட்டாள்.

பலகையில் இருந்தது அவள் கையெழுத்துதான். ஆனால் வரிகள் சரிந்து சரிந்து பலகையின் கீழ் மூலைக்கு ஓடியிருந்தன. ஏழெட்டு ஐம்பத்துநான்கு என்று போட்டிருந்தது. அடுத்த வரியில் அந்த ஐம்பத்துநான்கு நாற்பத்தைந்தாகத் திரும்பியிருந்தது. ஒரு சமன்பாடு பாதியில் நின்று, அதே சமன்பாடு கீழே மறுபடியும், அதற்குக் கீழே இன்னொரு முறையும் தொடங்கியிருந்தது. எழுதியது அவளுக்கு ஞாபகமே இல்லை.

மேசைகளுக்குப் போய் நோட்டுகளைத் திறந்து பார்த்தாள். ஆறு பேரும் அதை அட்சரம் பிசகாமல் பார்த்து எழுதியிருந்தார்கள். மூன்று முறையும். ஒருத்தர்கூட 'மிஸ், தப்பு' என்று சொல்லவில்லை. அவளுடைய சின்னத் தப்பைப் பிடித்தால்கூட வெற்றிக் கொடி நாட்டுகிற பிள்ளைகள்.

அவள் விளக்கை அணைத்துவிட்டுப் படியேறினாள்.

அன்று மதிய வகுப்பைத் தோட்டத்தில் மரத்தடியில் வைத்தாள். நிழல் போதவில்லை, எறும்பு கடித்தது, வியர்வை ஊற்றியது. பரீட்சையில் ஐந்து பேர் முழு மதிப்பெண் வாங்கினார்கள். ஆறாவது நத்தை. அவன் எழுதி முடிக்கவில்லை, எழுதிய வரைக்கும் சரி.

மாலையில் நிர்வாகியிடம் போய் நின்றாள்.

"எங்களுக்கு வேற ரூம் வேணும். அந்த ரூம்ல என்னமோ சரியில்ல."

"என்னமோன்னா?"

"என்னன்னு தெரியல. கீழ இருந்தாப் பசங்களுக்குத் தலை சுத்துது, எனக்கும்தான். வெளிய வந்தா சரியாயிடுது."

நிர்வாகி கெட்டவள் இல்லை. மூன்று நாளாகச் சரியாகத் தூங்காதவள், அவ்வளவுதான். "பெயிண்ட் வாசனையா இருக்கும் டீச்சர். நாளைக்கு ஒரே ஒரு நாள் பொறுத்துக்குங்க. சனிக்கிழமை காலைல விரிப்பக் கழட்டிடறாங்க. வேற ரூமுக்கு நான் எங்க போவேன்? மரத்தடில வச்சீங்கன்னு ஒரு பையன் வீட்டுக்குப் போன் பண்ணிட்டான். பிள்ளைய வெயில்ல காயப் போடறீங்களான்னு அவங்க அப்பா என்னக் கிழிச்சுத் தொங்கவிட்டுட்டாரு."

ஒரே ஒரு நாள். டீச்சர் தலையாட்டிவிட்டு வந்தாள். பின்னாளில் அவள் தன்னை மன்னிக்காதது அந்தத் தலையாட்டலைத்தான்.

வெள்ளிக்கிழமை சலவை அறையில் காலை ஐந்திலிருந்தே இயந்திரங்கள் ஓடின. பெற்றோர் வருகிறார்கள் என்று எல்லாப் படுக்கை விரிப்பும் திரையும் துவைக்கப் போட்டிருந்தார்கள். கொதிகலன் ஓயவே இல்லை. சுவர் வழியாக அதன் உறுமல் கேட்டுக்கொண்டே இருந்தது. பத்து மணிக்கு டீச்சர் கடைசிப் பரீட்சைத் தாள்களைக் கொடுத்தாள். அந்த நேரம் பார்த்து மேலிருந்து ஆள் வந்தது. பெற்றோருக்குக் கொடுக்கிற அறிக்கையில் அவள் கையெழுத்து வேண்டுமாம்.

"அஞ்சு நிமிஷத்துல வந்துடுவேன். ஒருத்தர் தாள ஒருத்தர் பாக்கக் கூடாது" என்றாள். யாரும் பதில் சொல்லவில்லை. சுரண்டும் சத்தத்துக்காகக் கதவை அவள்தான் இழுத்துச் சாத்தினாள்.

அலுவலகத்தில் ஐந்து நிமிஷம் முப்பத்தைந்து ஆயிற்று. அறிக்கையில் எழுத்துப்பிழை, அச்சு இயந்திரத்தில் தாள் சிக்கல், நடுவில் ஒரு தொலைபேசி. டீச்சர் ஜன்னலோரம் நின்றாள். கட்டடம் அங்கே வளைந்து திரும்பியதால் கீழறைப் பக்கத்துச் சுவர் எதிரே தெரிந்தது. கீழே புல்தரையில் ஒரு இலைகூட அசையவில்லை. பெயிண்டர்கள் தேநீர் குடிக்கப் போயிருந்தார்கள். ஆனால் சுவரில் தொங்கிய பிளாஸ்டிக் விரிப்பு, கீழறைக்கு நேராக, வயிறு மாதிரி உப்பிக்கொண்டு நின்றது. கொஞ்சம் அடங்கியது. மறுபடி உப்பியது. உள்ளே வெள்ளையாக ஆவி படிந்து நீர் வழிந்தது.

அப்போது சலவைக்காரர் ஈரக் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு உள்ளே வந்தார்.

"அம்மா, அந்தக் கொதிகலன் ஆளு இன்னும் வரலியே. செவ்வாக்கெழமையே சொன்னேன். நெருப்பு நீலமா எரியணும். மஞ்சளா எரியுது, கரி கக்குது. நான் கதவத் தொறந்து வச்சு, வெளியவே நின்னு வேல பாக்கறேன். உள்ள நின்னாக் கண்ணக் கட்டுது."

"சனிக்கிழமை முடியட்டும்..." என்று நிர்வாகி தொடங்கினாள்.

"அதோட புகை எந்தப் பக்கம் போகுது?" என்று கேட்டாள் டீச்சர்.

"வெளிச்சுவத்துலதான் குழாய் இருக்கு, கீழ் ரூம் ஜன்னலுக்குப் பக்கத்துல" என்றார் சலவைக்காரர். ஜன்னலைக் கை காட்ட வந்தவர் விரிப்பைப் பார்த்தார். கை அந்தரத்தில் நின்றது.

டீச்சர் ஓடினாள். மாடிப்படியை இரண்டிரண்டாகத் தாவினாள். சாப்பாட்டுக் கூடத்தில் யாரையோ இடித்துத் தள்ளினாள். பத்துப் படி. கதவு.

உள்ளே பேச்சுமூச்சு இல்லை. விளக்கு பளிச்சென்று எரிந்தது. ஐந்து பேர் தாளின் மேல் கவிழ்ந்து கிடந்தார்கள். நத்தையின் விரலில் பேனா அப்படியே இருந்தது. அதிலிருந்து ஒரு கோடு தாளைத் தாண்டி மேசை மேல் இழுபட்டிருந்தது. ஏன் மட்டும் நாற்காலியிலிருந்து சரிந்து தரையில், கதவைப் பார்த்தபடி கிடந்தான். எழுந்து வரப் பார்த்திருக்கிறான்.

அவள் கண் நேரே கடைசி மூலைக்குப் போனது. பின்னல் ஒன்று மேசைக்கு வெளியே தொங்கியது. இருபது அடி தூரம். நடுவில் ஐந்து பிள்ளைகள்.

அவள் குனிந்து காலடியில் கிடந்த ஏனைத் தூக்கினாள்.

அதை அவள் யோசித்துச் செய்தாளா என்று பிறகு பலரும் கேட்டார்கள். இல்லை. கைக்கு எட்டியதை எடுத்தாள். படியேறிப் புல்லில் கிடத்திவிட்டுத் திரும்பினால் சலவைக்காரர் அகராதியைத் தோளில் போட்டுக்கொண்டு எதிரே வந்தார். "மூச்ச அடக்கிக்கிட்டுப் போ டீச்சர், உள்ள மூச்சு விடாத!" பெரியவன். சின்னவன். சின்னவனைத் தூக்கும்போது அவளுக்கே முழங்கால் மடங்கியது. சலவைக்காரர் நத்தையை இழுத்து வந்தார். பெயிண்டர் ஒருவர் ஓடிவந்து விரிப்பைக் கத்தியால் கிழித்தார், இன்னொருவர் ஜன்னல் கண்ணாடியைச் சுத்தியலால் உடைத்தார். நிர்வாகி படியின் உச்சியில் தொலைபேசியைக் காதில் வைத்துக்கொண்டு விலாசத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

மகளைக் கடைசியாகத் தூக்கினாள். உடம்பு துவண்டு போயிருந்தது. கன்னம் மட்டும் ரோஜா நிறத்தில், விளையாடிவிட்டு வந்த மாதிரி சிவந்திருந்தது. எத்தனையாவது படியில் தன் கண் இருண்டது என்று டீச்சருக்குத் தெரியாது. பெயிண்டர்கள்தான் இரண்டு பேரையும் சேர்த்து மேலே இழுத்தார்கள்.

ஐந்து பேர் அன்று மாலைக்குள் எழுந்து உட்கார்ந்துவிட்டார்கள். ஆஸ்பத்திரியில் மூக்கிலும் வாயிலும் பிராணவாயு வைத்தார்கள். கொதிகலன் புகையில் இருந்த நச்சு வாயுவுக்கு நிறமும் கிடையாது, வாசனையும் கிடையாது, அதனால்தான் யாருக்கும் தெரியவில்லை என்று மருத்துவர் விளக்கினார். மகள் மட்டும் இரண்டு நாள் கண் திறக்கவில்லை. இன்னும் பத்து நிமிஷம் போயிருந்தால் என்று மருத்துவர் ஆரம்பித்தார். டீச்சர் கையை உயர்த்தி வேண்டாம் என்றாள்.

மூன்றாம் நாள் காலையில் மகள் விழித்து, உலர்ந்த உதட்டால், "மிஸ், டைம் முடிஞ்சுதா? நான் நாலாவது கணக்குலதான் இருக்கேன்" என்றாள். டீச்சர் அவள் கையைத் தன் முகத்தில் அழுத்திக்கொண்டாள். அழுகை வரவில்லை.

அன்று மத்தியானம் நிர்வாகி வந்தாள். மூன்றே நாளில் பத்து வயது கூடினவள் மாதிரி இருந்தாள். விசாரணைக்காரர்கள் எல்லோரிடமும் எழுத்து மூலம் வாக்குமூலம் கேட்கிறார்கள் என்றாள். வெயிலில் மயங்கியதாக முதலில் நினைத்தோம் என்று ஒரு வரி சேர்த்தால் எல்லோருக்கும் நல்லது என்றாள்.

"வியாழக்கிழமை சாயந்திரமே உங்ககிட்ட வந்து சொன்னேன்" என்றாள் டீச்சர். "அத எழுதுவேன். நீங்க ஒரு நாள் பொறுங்கன்னதும் நான் தலையாட்டினேன். அதயும் எழுதுவேன். அந்தக் கதவ நான்தான் சாத்தினேன்."

அப்படியேதான் எழுதினாள். நாலு பக்கம். சலவைக்காரர் தன்னுடையதை எழுதத் தெரியாமல் சொல்லச் சொல்ல, அதையும் அவளே எழுதி, வாசித்துக் காட்டி, கைரேகை வாங்கினாள். முகாம் மூடப்பட்டது. பள்ளிக்காரர்கள் மீதும் நிர்வாகி மீதும் வழக்கு நடந்தது. டீச்சர் மீது வழக்கு இல்லை. ஆனால் ஏனின் அப்பா ஆஸ்பத்திரி நடைகூடத்தில் எல்லோர் எதிரிலும் அவளைப் பிடித்து, "ஒரு வாரமா எம்புள்ள மயங்கிக்கிட்டே இருந்திருக்கான், உங்க கண்ணு என்ன பொடனிலயா இருந்துச்சு?" என்று கத்தினார். அவருக்குப் பின்னால் சக்கர நாற்காலியில் இருந்த ஏன், "அப்பா, விடுங்கப்பா. என்னத்தான் மொதல்ல தூக்கினாங்க" என்றான்.

மகள் அதைக் கேட்டுவிட்டாள். வீட்டுக்கு வந்த அன்று கட்டிலில் சாய்ந்தபடி கேட்டாள்.

"அவன மொதல்ல. அப்ப நான் எத்தனாவது?"

டீச்சர் பொய் சொல்லியிருக்கலாம்.

"ஆறாவது."

மகள் போர்வையைக் கழுத்து வரை இழுத்துக்கொண்டாள். "கடைசி பெஞ்சுல நீதானே உக்கார வச்ச" என்றாள். குற்றம் சொல்வது போலவும் இல்லை, சொல்லாதது போலவும் இல்லை. அம்மா ஆமாம் என்றாள்.

மகளுக்கு இப்போதும் சில சொற்கள் சட்டென்று வருவதில்லை. நாளாவட்டத்தில் சரியாகிவிடும் என்கிறார் மருத்துவர். ஆகாமலும் போகலாம் என்பதையும் அவர் மறைக்கவில்லை. மதியங்களில் அசதியாகிப் படுத்துவிடுகிறாள். அவள் படுத்தால் டீச்சருக்கு வேலை ஓடாது. பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை கையில் இருப்பதைப் போட்டுவிட்டு அறை வாசலுக்குப் போவாள். விசிறி ஓடுகிறதா, ஜன்னல் திறந்திருக்கிறதா, போர்வை ஏறி இறங்குகிறதா என்று பார்ப்பாள். போர்வை அசைவது கண்ணுக்குத் தெரியாவிட்டால் கிட்டே போய் மூக்கருகில் விரலை நீட்டுவாள்.

போன ஞாயிற்றுக்கிழமை மதியம் அப்படி நீட்டியபோது மகள் ஒரு கண்ணை மட்டும் திறந்தாள்.

"உயிரோடதான் இருக்கேன். போம்மா."

டீச்சர் போகவில்லை. கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துகொண்டாள்.